மாத்திரையில்லா மாமனிதர்

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையின் நடையாளர் பேரவையில் சேர நல்ல கால்களைவிட நல்ல காதுகள் தேவை. தலைவர் தில்லைநாயகம் நடக்கும் நேரமெல்லாம் பேசுவார். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். கையில் ஒரு மூங்கில் கம்பு இருக்கும். அதை அவர் ஊன்றிப் பார்த்தவர்கள் கிடையாது. யார் வீட்டு முன் குப்பை கிடக்கிறது, யாருக்குத் தொப்பை கிடக்கிறது என்று சுட்டிக்காட்டுவதற்காக வைத்திருந்தார்.

"ஏலே, மாத்திரைங்கது என்னது? சுண்ணாம்பும் மாவும். இந்தத் தொண்டையில இன்னைய வரைக்கும் ஒரு மாத்திரை இறங்கினது கெடையாது. தலைவலியா, நட. சுகரா, நட. வீட்டுல சண்டையா, ஒரு சுத்துக் கூட நட."

"வீட்டுல சண்டைன்னா எங்கள ஆலங்குளம் வரைக்கும் நடக்கவிடணும் அண்ணாச்சி" என்பார் முகம்மது இஸ்மாயில். துபாயில் கடை வைத்திருந்து திரும்பியவர். அங்கே இருந்தவரை நடக்க இடமில்லை என்றார். இங்கே வந்தபின் நடக்க மனமில்லை என்று தெரிந்துகொண்டார். பேரவையில் சிரிக்க அனுமதிக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

நடை ஒரு டீக்கடையில் முடியும். எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். தில்லைநாயகமும் போவார். மாடியும் கீழுமாகப் பெரிய வீடு. வாசலில் பதவியோடு பெயர்ப்பலகை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஜெயசித்ரா பெங்களூரில் இருந்தாள். அவள் தொலைபேசியில் "சாப்பிட்டாச்சாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்பதற்குள் "மீட்டிங்" என்பாள். அதற்குப் பிறகு அடுத்த நாள் விடியும் வரைக்கும் அவர் அதட்டுவதற்கு டிவிச் செய்தி வாசிப்பவர்கள்தான் இருந்தார்கள். அவர்களும் அடங்கவில்லை.

ஆகவே வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியபோது அவருக்குக் கவலை காலைப் பற்றியதாக இல்லை. நடக்காதவன் பேரவைத் தலைவராக இருக்க முடியாது. தலைவர் நாற்காலியில் எப்போது உட்காரலாம் என்று செயலாளர் குமரகுரு காத்திருந்தார். இன்சூரன்ஸ் முகவர், அடுத்தவர் விழும் நாளுக்காகக் காத்திருப்பது தொழில் பழக்கம். நடை போனால் பேச்சு போகும். பேச்சு போனால் பெரிய வீடு மட்டும் மிஞ்சும்.

தில்லைநாயகம் ஒரு மத்தியானம் பஸ் ஏறி ஆலங்குளம் போனார். தென்காசியில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் பேரவை உறுப்பினர் ஒருவருடைய சம்பந்தி உட்கார்ந்திருப்பார். ஆலங்குளத்தில் ஒரு கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "என் மச்சினனுக்கு முட்டி வலி" என்றார். அந்த மச்சினன் பிறக்கவே இல்லை. ஆனாலும் கடைக்காரர் டைக்ளோஃபினாக் வலி மாத்திரைப் பட்டை ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார்.

மறுநாள் விடியலில் வெறும் வயிற்றில், கடுங்காப்பியோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். முழங்கால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அடங்கி நடந்தது. அன்றைக்கு மாத்திரையைத் திட்டிப் பேசிய பேச்சு, பேரவை வரலாற்றிலேயே சிறந்தது என்று குமரகுரு வாட்ஸ்அப்பில் எழுதினார்.

இல்லாத மச்சினனுக்கு முட்டி வலி நிற்கவே இல்லை. வருஷம் திரும்பியது. காலை ஒன்று போதாமல் சாயங்காலமும் ஒன்று ஆனது.

பிறகு வயிறு ஆரம்பித்தது. ரெண்டு இட்லி உள்ளே போனதும் கல்யாணப் பந்தி முடித்ததுபோல் திம்மென்று ஆகிவிடும். பொழுது சாய்ந்ததும் வாந்தி. ஒரு நாள் வாளிக்குள் குனிந்து பார்த்தவர், முந்தின நாள் மத்தியானக் குழம்பின் சுண்டைக்காயை அடையாளம் கண்டுகொண்டார். வெளியேற வழியில்லாமல் அது இரவெல்லாம் உள்ளேயே காவலில் இருந்திருக்கிறது. எரிச்சல் பெரிதாக இல்லை. வயிறு போட்டிருக்க வேண்டிய கூப்பாட்டையும் அதே மாத்திரை அமுக்கியிருந்தது.

சாப்பாடு தங்காததால் உடம்பு இளைத்தது. கால்சட்டையை இறுக்கிக் கட்டினார். பேரவை அதைத்தான் பார்த்தது.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய நீங்க? பின்னால இருந்து பாத்தா காலேஜ் பையன் மாரில்லா இருக்கு!" என்றார் குமரகுரு.

"கட்டுப்பாடு வே. வாயக் கட்டணும்."

இது ஒரு வகையில் உண்மை.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. எல்லாரும் வேகமாக நடந்துகொண்டிருந்தபோது இஸ்மாயில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாரோ பின்னால குடத்தத் தூக்கிட்டு வாறாவளா? களக் களக்குன்னு கேக்குது."

எல்லாரும் நின்றார்கள். சத்தமும் நின்றது. நடந்தார்கள். சத்தமும் நடந்தது. கடைசியில் எல்லாருடைய கண்ணும் தலைவரின் வயிற்றில் வந்து நின்றது. உள்ளே முந்தின ராத்திரி மோரும் தண்ணீரும் போக்கிடமில்லாமல் அலையடித்துக்கொண்டிருந்தன.

தில்லைநாயகத்துக்கு முகம் சுண்டியது. ஆனால் பல வருஷம் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய நாக்கு.

"அது ஜலசாதனை. எந்திரிச்ச உடனே வயிறு முட்டத் தண்ணி. நடக்க நடக்க உள்ளுக்குள்ள அது அலம்பி எடுத்துரும். நம்ம குற்றால அருவிய வயித்துக்குள்ள கொண்டு வாறது."

"ஆகா!" என்றார் குமரகுரு.

அடுத்த வாரம் பேரவை முழுக்கத் தளும்பியது. செம்பு செம்பாகக் குடித்துவிட்டு வந்தார்கள். யாருக்கு அதிகம் குலுங்குகிறது என்று ஒருவர் வயிற்றில் ஒருவர் காது வைக்காத குறை. ஆனால் அவர்களுடைய தண்ணீர் நேர்மையானது. வழி தெரிந்து இறங்கிவிடும். பாதி நடையில் ஆளாளுக்கு வேலியோரம் ஓடினார்கள். "நமக்கு இன்னும் பக்குவம் வரல" என்று குமரகுரு வருத்தப்பட்டார்.

குற்றாலச் சீசன் தொடங்கியதும் பேரவை கூடித் தீர்மானம் போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளியல், பிறகு குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் தலைவருக்கு 'மாத்திரையில்லா மாமனிதர்' என்ற பட்டம், பிறகு பரோட்டாவும் நாட்டுக்கோழியும். பட்டத்தைக் கேட்டபோது தில்லைநாயகத்துக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு விரிந்தது. பரோட்டாவைக் கேட்டபோது வயிறு சுருங்கியது. தன்னைத்தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றோடு அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

விழாவுக்கு முந்தின ஞாயிறு மெயினருவியிலிருந்து ஐந்தருவிவரை ஒத்திகை நடை. சாரல் முகத்தில் அடித்தது. மங்குஸ்தான் கடைகள் வரிசையாக வந்தன. ஒரு கடை ஓரமாக "பழம் நல்லாருக்கான்னு பாக்கேன்" என்று ஒதுங்கியவர், பழக்கூடைகளுக்குப் பின்னால் குனிந்தார். நிமிர முடியவில்லை. சாய்ந்துவிட்டார்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். ஒரு கார் போதாமல் மூன்று கார் போனது. நம் ஊரில் நோயாளியைத் தனியாக அனுப்புவது அவமானம். டாக்டர் ஷிஃபாவின் அறையில் நாற்காலி ஒன்று, நோயாளி ஒருவர், உடன் வந்தவர்கள் ஏழு பேர்.

ஷிஃபா வடகரைக்காரி, வயிற்று நோய்க்கென்று மேல்படிப்புப் படித்தவள், ஜெயசித்ராவைவிடச் சின்னவள். தில்லைநாயகத்தைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இடுப்பைப் பிடித்து லேசாகக் குலுக்கினாள். அறை முழுக்கக் கேட்டது.

"ஜலசாதனை" என்று குமரகுரு விளக்கினார்.

"எதுங்க?"

"காலையில குடிச்ச தண்ணி டாக்டர். உள்ள அலம்புது."

"காலையில குடிச்சது இந்நேரம் கேக்கக்கூடாது. இவருக்கு இரைப்பையில இருந்து கீழ போற வாசல் அடைச்சிருக்கு." ஷிஃபா தில்லைநாயகத்தைப் பார்த்தாள். "சார், முந்தின நாள் சாப்பாடு வாந்தியில வருதா?"

தில்லைநாயகம் கூரையைப் பார்த்தார். "எப்பவாது."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, உள்ளே தேங்கியிருந்ததை எல்லாம் வெளியே எடுத்தார்கள். பை நிறைய வந்தது. பேரவை மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு நகர்ந்தது. வயிறு காலியானபிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாள். அடுத்த நாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தபோது, வழக்கம்போல் அங்கே கூட்டம் இருந்தது.

"வாசல் பக்கத்துல பெரிய புண். ரொம்ப நாள் புண். ஆறி, திரும்பப் புண்ணாகி, தழும்பேறி, வாசல் ஊசித் துவாரம் மாதிரி சுருங்கிப் போச்சு. இப்படி ஆகுறதுக்கு ரெண்டு முக்கியக் காரணம். ஒண்ணு ஒரு கிருமி. அது உங்ககிட்ட இல்ல. ரெண்டாவது வலி மாத்திரை." அவள் தலையைச் சாய்த்தாள். "சார், முட்டி வலி, இடுப்பு வலின்னு ஏதாவது மாத்திரை போட்டியளா?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். அதற்குள் ஏழு வாய்கள் திறந்துவிட்டன.

"டாக்டர், யாரப் பாத்து என்ன கேக்குதிய?"

"இந்தத் தொண்டையில ஒரு மாத்திரை இறங்கினது கெடையாது டாக்டர்!"

"அடுத்த ஞாயித்துக்கெழம பட்டமே குடுக்கப்போறோம். நீங்களும் வரணும்" என்றார் குமரகுரு.

தில்லைநாயகம் வாயை மூடிக்கொண்டார். பொய்கூட அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கும் ஆள் இருந்தது.

ஷிஃபா விடவில்லை. "சார் போலீஸ்ல இருந்தவருன்னு சொன்னாவ. உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுதேன். புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு நம்ம உடம்பு அங்கங்க தேவைக்குச் செஞ்சுக்கும். முட்டியில அது வந்தா ரவுடி. வீக்கம், வலின்னு கலாட்டா பண்ணும். வயித்துல அதே ஆளுதான் வாட்ச்மேன். உள்ள சுரக்கிற ஆசிட் வயித்தையே தின்னுராம சளி மாதிரி ஒரு பூச்சுப் பூச வைக்கும், ரத்த ஓட்டத்தக் கவனிக்கும், கிழிஞ்ச எடத்த ஒட்ட வைக்கும். வலி மாத்திரைக்கு ரவுடி யாரு, வாட்ச்மேன் யாருன்னு தெரியாது. ரெண்டு எடத்துலயும் அள்ளிட்டுப் போயிரும். வலி போயிரும். காவலும் போயிரும்."

தில்லைநாயகத்துக்கு இது நன்றாகப் புரிந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் சந்தேகத்தின் பேரில் ஊரையே அள்ளி வேனில் ஏற்றியிருக்கிறார். அடுத்த நாள் பால் போட ஆளில்லாமல் ஊர் அழுததும் அவருக்குத் தெரியும்.

"எங்க தலைவருக்கு அந்தப் பிரச்சினையே இல்ல டாக்டர்" என்றார் குமரகுரு.

ஷிஃபா போனபிறகு சாயங்காலம் எல்லாரும் கிளம்பினார்கள். விழா மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். இஸ்மாயில் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தார். ஏதோ கேட்க வந்தவர்போல் தில்லைநாயகத்தின் முழங்காலைப் பார்த்தார். பிறகு "அல்லா பாத்துக்குவான் அண்ணாச்சி" என்று எழுந்து போனார்.

நர்ஸ் மஞ்சு வந்து ஜன்னலைச் சாத்தினாள். "கூட யாரும் தங்கலையா தாத்தா?"

யாரும் அவரை இதுவரை தாத்தா என்றதில்லை. "காலையில வருவாவ" என்றார்.

மாத்திரை இல்லாத முழங்கால் விண்விண் என்று தெறித்தது. அவர் கட்டிலில் கிடந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வயிறு பிழைக்கும். பட்டம் போகும், அது போகட்டும். ஆனால் விடியலில் வாசலுக்கு வெளியே வந்து நின்று "அண்ணாச்சி!" என்று கூப்பிட ஒரு குரல் இருக்காது. சொல்லாமல் இருந்தால் இவர்கள் எல்லாரும் வருவார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். ஆபரேஷன் என்று ஆனால் வேன் பிடித்துக்கொண்டும் வருவார்கள். மனைவி இறந்தபிறகு அவரைச் சுற்றி இத்தனை பேர் நின்றது இப்போதுதான்.

மறுநாள் காலை ஷிஃபா ரவுண்ட்ஸ் வந்தபோது குமரகுரு போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உறுப்பினர்களுக்குத் தலைவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். ஷிஃபா அதைப் பொருட்படுத்தாமல் பேசினாள்.

"சார், சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்கோம். அதுல ஒண்ணும் தெரியலைன்னாலும் என்னால சும்மா விட முடியாது. கிருமி இல்ல, மாத்திரையும் இல்லன்னா, கேன்சர் மறைஞ்சு கெடக்கான்னு சந்தேகப்பட்டே ஆகணும். திருநெல்வேலில சர்ஜன்கிட்ட அனுப்புதேன். பாதி இரைப்பைய எடுக்க வேண்டி வரலாம். மாத்திரைதான் காரணம்னா வேற கத. அத நிறுத்தி, ஆசிட்டுக்கு மருந்து குடுத்து, வாசல்ல பலூன் விட்டு விரிச்சுப் பாக்கலாம்."

"எடுங்க டாக்டர்!" என்றார் குமரகுரு, படம் எடுத்தபடியே. குரலில் வீரம் பொங்கியது. "பாதி வயிறு என்ன, முழு வயித்தையும் எடுங்க. எங்க தலைவரு வயிறே இல்லாமலும் நடப்பாரு!"

தன்னுடைய வயிற்றை இன்னொருவர் இவ்வளவு தாராளமாகக் கொடுப்பதைத் தில்லைநாயகம் படுத்தபடி கேட்டார்.

"போட்டேம்மா" என்றார்.

"என்னது?"

"மாத்திரை. போட்டேன்."

குமரகுரு சிரித்தார். "டாக்டர், குளுக்கோஸ் ஏறுனதுல அண்ணாச்சிக்கு என்னமோ..."

"வாய மூடும் வே."

"அடக்கம் டாக்டர். பட்டம் வேண்டாங்கதுக்காக இப்பிடிச் சொல்லுதாவ."

தில்லைநாயகம் மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல வைப்பது எளிதாகத்தான் இருந்தது. செய்ததைச் செய்தேன் என்று நம்ப வைப்பது இவ்வளவு சிரமம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"டைக்ளோஃபினாக். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெறும் வயித்துல. ரெண்டு வருஷம் ஆச்சு. ஆலங்குளத்துல வாங்குவேன். தலையில துண்டு போட்டுக்கிட்டுப் போவேன். மச்சினனுக்குன்னு சொல்லுவேன். எனக்கு மச்சினனே கெடையாது வே, உமக்குத் தெரியும்லா? ஜலசாதனையும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. முந்தின நாள் மோரு, அதான் குலுங்குச்சு. நீரு செம்பு செம்பாக் குடிச்சீரு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குமரகுருவின் கை மெல்ல இறங்கியது. போனை அணைத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. பாலிசி காலாவதியான ஆளைப் பார்க்கும் முகம். "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று வெளியே போனார். அந்தப் போன் முடியவே இல்லை.

ஷிஃபா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இத நேத்தே தனியாச் சொல்லிருக்கலாம்லா சார்?"

"நேத்து தனியா எங்கம்மா இருந்தேன்?"

சதைப் பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை. பலூன் விட்டார்கள். அன்றைக்கு உடனிருக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது மஞ்சுவே நின்றாள். ஜெயசித்ரா சனிக்கிழமை வந்து, அழுது, மருந்துகளை ஒரு டப்பாவில் அடுக்கி, ஞாயிறு பஸ்ஸில் திரும்பினாள். அதே ஞாயிறு குற்றாலத்தில் விழாவும் நடந்தது. அச்சடித்த பேனரை வீணாக்க வேண்டாம் என்று பட்டத்தைக் குமரகுரு ஏற்றுக்கொண்டதாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்தபின் தில்லைநாயகம் கஞ்சியிலிருந்து இட்லிக்கும், இட்லியிலிருந்து குழைந்த சோற்றுக்கும் முன்னேறினார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும், கால் நீட்டி மடக்கும் பயிற்சியும், தேவைப்பட்டால் வயிற்றைத் தொடாத வேறொரு மாத்திரையும். பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. விடியலில் பேரவை அவர் வீட்டைக் கடந்து போகும். தெருமுனைவரை கேட்கும் பேச்சு அவர் வாசல் வந்ததும் நின்றுவிடும். செருப்புச் சத்தம் மட்டும் கடக்கும். அடுத்த வீடு தாண்டியதும் பேச்சு திரும்ப ஏறும். அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்புகளை வைத்து ஆட்களை அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் கொல்லைப்புறக் கதவு தட்டப்பட்டது. குமரகுரு. தலையில் துண்டு.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு அண்ணாச்சி."

"உக்காரும்."

குமரகுரு உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உடம்பு தேறிவிட்டதே என்றார். சாரல் இந்த வருஷம் பரவாயில்லை என்றார். பிறகு குரலை இறக்கினார். "அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை இருப்பாவ? எனக்கில்ல. எங்க வீட்டுக்காரி தம்பிக்கு. சாப்பிட்டா நெஞ்சக் கரிக்குதாம். வயிறு திம்முன்னு இருக்காம்."

தில்லைநாயகம் அவருடைய கால்களைப் பார்த்தார். "எந்த முட்டிக்குப் போடுதான்?"

குமரகுரு துண்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டுக்கும்" என்றார்.

"எப்பம்?"

"நடக்கதுக்கு முன்னால. வெறும் வயித்துல."

ஒரு பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தில்லைநாயகத்துக்கு வாய்வரை வந்தது. ஆனால் குமரகுருவின் கழுத்தெலும்பு சட்டைக்கு மேல் தெரிந்ததைப் பார்த்தார்.

"இன்னையோட நிறுத்தச் சொல்லும். காலையில பத்து மணிக்கு மேல இருப்பாவ. தனியாப் போவச் சொல்லும். கூட ஒருத்தனையும் கூட்டிட்டுப் போவாண்டாம். கேட்டீரா? ஒருத்தனையும்."

"சரி அண்ணாச்சி."

"ரசம் வச்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுப் போம்."

குமரகுரு கொல்லைக் கதவைத் திறந்து சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "இன்னொரு நாள் வாரேன். யாராவது பாத்துட்டா நல்லாருக்காது." துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார். சந்தில் யாரும் இல்லாததால் அதை மறைக்கவில்லை.

தில்லைநாயகம் சோற்றைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டார். முடித்துவிட்டுப் பழக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. சோறு தன் வழியைப் பார்த்து இறங்கிப் போனது. இதை யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றிப் போனை எடுத்தார். ஜெயசித்ராவுக்கு மீட்டிங் நேரம். பேரவையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். மரியாதை தெரிந்தவர்கள், அவரை யாரும் நீக்கவில்லை. அவரவர் தாமாக விலகி வேறொரு குழு தொடங்கியிருந்தார்கள். இதில் இப்போது உறுப்பினர் அவர் ஒருவர், தலைவரும் அவரே.

'இன்று சாப்பாடு நன்றாக இறங்கியது' என்று தட்டி அனுப்பினார். திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் இருந்தார். பிறகு தட்டைக் கழுவ எழுந்தார். முழங்கால் சுருக்கென்றது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, அது விடும்வரை நின்றார்.